கம்பிக்காரன் வாங்கிய அடி

கம்பிக்காரனை எழுதியபோது, அவனைப் பார்த்து ஜனங்கள் விசில் அடிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் முதல் மாயாஜால நாவலில் அவன் ஒரு கொடுங்கோல் ராஜாவின் அடியாள். பிடித்து வந்த நெசவாளிகளைத் தறியில் உட்காரவைத்து வேலை வாங்குவான். வேலை பிசகினால், நெய்த சேலை சுருண்டு ஏறும் படமரத்தை இறுக்குகிற இரும்புக் கம்பியை உருவி எடுத்து எலும்பை உடைப்பான். அதற்கு முன்னால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தறியிலிருக்கும் சேலைமேல் பதமாக விரிப்பான். பட்டில் ரத்தம் தெறித்துவிடக் கூடாது அல்லவா, அதற்காக. அடிபட்டு விழுந்தவரைப் பார்த்து, "ஏந்திரு. இன்னும் முடியல" என்பான். நாவலின் பாதியில் பெண்கள் சேர்ந்து அவனைத் தறிக்குழியில் தள்ளிக் கொல்கிறார்கள். அந்த அத்தியாயத்தை முடித்த அன்று நான் வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டேன்.

அவனை நான் கற்பனை செய்யவில்லை. துண்டு, கம்பி, அந்த வாக்கியம் எல்லாமே என் அப்பாவுடையவை.

கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். நூலைக் குறுக்கே ஓட்டும் நாடா உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. அப்பா தறிக்குழியில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து நெய்வார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுப்பாள். கரையும் உடலும் பூட்டிக்கொள்ளும் இடத்தில் ஓர் இழை தவறினாலும் சேலையில் தெரியும். அப்பாவின் இழை தவறினாலும் அடி அம்மாவுக்குத்தான். அவர் ஒன்றும் ஆத்திரத்தில் அறிவிழந்து அடிக்கிறவர் இல்லை. நிதானமாக எழுந்திருப்பார், துண்டை விரிப்பார், அம்மாவைத் தறியிலிருந்து தள்ளி சுவர் ஓரமாக நிற்கவைப்பார், அதன் பிறகுதான் கம்பியை எடுப்பார். துண்டு சேலைமேல் விழுவதைப் பார்த்ததும் நான் பாத்திரம் விளக்கும் இடத்துக்கு ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொள்வேன். ஒருமுறை அம்மாவின் முழங்கை உடைந்தது. ஒருமுறை தோள்பட்டை. கீழ்வரிசையில் இரண்டு பல் போனபோது அதை அவள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கூட்டிய குப்பையோடு போட்டாள்.

யார் கேட்டாலும், "தறிக்குழியில வழுக்கி விழுந்துட்டேன்" என்பாள். எங்கள் தெருவில் அப்போது பகல் முழுக்கத் தறிச் சத்தம். அந்தச் சத்தத்தில் ஒரு பெண் கத்துவது கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்வது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. தறிக்குழியில் அவ்வளவு தடவை யாரும் விழ முடியாது. நெசவுத் தெருவில் இருப்பவர்களுக்கு இது தெரியாதா என்ன.

அப்பா தூக்கத்திலேயே செத்துப்போனார். அவர்மீது யாருடைய கையும் ஒருநாளும் பட்டதில்லை. அம்மா சடங்கெல்லாம் ஒழுங்காகச் செய்தாள். எனக்குத்தான் ஆறவில்லை, இன்றைக்கும் ஆறவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் கம்பிக்காரன் பிறந்தான்.

நாவல் படமானது. அந்த இயக்குநர் நல்லவர், புத்திசாலி, கேமரா வைக்கத் தெரிந்தவர். அதுதான் வினையே. துண்டை விரிக்கிற அந்தக் காட்சியை அவர் எடுத்த விதம் அத்தனை அழகு. காற்றில் ஒரு சுழற்று சுழற்றி விரிப்பான். பின்னணியில் உடுக்கை ஏறும். நடிகர் ஆறடி உயரம், அகன்ற தோள். தியேட்டரில் துண்டு பறந்ததும் காகிதம் பறந்தது. "ஏந்திரு. இன்னும் முடியல" என்று அவன் சொன்னபோது பின்வரிசையில் பத்துப் பேர் கூடவே சொன்னார்கள். படத்தில் அவன் சாகவும் இல்லை, சுவரேறிக் குதித்துத் தப்பித்துவிட்டான். அதற்கும் கைதட்டல். அந்த வாக்கியத்தை பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். என்னைப் பார்க்க வந்த வாசகர்கள், "கம்பிக்காரன் அடுத்த புத்தகத்துல வருவானா மேடம்?" என்று ஆசையாகக் கேட்டார்கள். அவர்களை அறைய வேண்டும்போல இருந்தது. காபி கொடுத்து அனுப்பினேன்.

அதனால்தான் இரண்டாவது நாவலைப் பல நூறு வருஷம் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். பாலாற்று மணலுக்கு அடியில் ஒரு நகரம். மேலே, அந்த நகரத்துக்குத் தண்ணீர் விடாமல் பூட்டிவைத்திருக்கிற ஒரு ராஜா. அவனை எதிர்த்துப் போர் செய்கிற பெண்கள். அந்தக் காலத்தில் கம்பிக்காரனின் பாட்டனுக்குப் பாட்டன்கூடப் பிறந்திருக்க மாட்டான். இனிமேல் அவன் எப்படி வருவான் பார்க்கலாம் என்று இருந்தேன்.

வந்தான். அதே இயக்குநர் படமாக்க எடுத்துக்கொண்டார். திரைக்கதையைப் படிக்கக் கொடுத்தார். முதல் சண்டையிலேயே துண்டு பறந்தது. கூடவே முதல் படத்தில் அவனோடு சுற்றிய தடிச் சமையற்காரனும் நொண்டி வண்டிக்காரனும் வந்திருந்தார்கள். இந்தத் தடவை கம்பிக்காரன் நல்லவன், பெண்கள் பக்கம் நின்று சண்டை போடுகிறவன். நான் கிளம்பி நேராகச் சென்னைக்குப் போனேன்.

"அவன் பிறக்கவே இல்லையே சார்" என்றேன்.

"காலத்தைத் தாண்டி வர்றான் மேடம். மாயாஜாலக் கதைதானே" என்றார் இயக்குநர். "ஜனங்க பழகின மொகத்தப் பாக்கத்தான் தியேட்டருக்கு வர்றாங்க. உங்க ஊர்க் கூத்துல எந்தக் கதை போட்டாலும் கட்டியக்காரன் வரலையா? அவன் வந்தாதானே ஜனம் நிமிர்ந்து உக்காருது?"

"கட்டியக்காரன் வந்தா சிரிப்பாங்க. இவன் வந்தா எங்க வீட்ல ஒருத்தருக்கு மூத்திரம் வந்துடும்."

அவருக்குப் புரியவில்லை. புரியும்படி நான் சொன்னதும் இல்லை. மேசைமேலிருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்துச் சுவரில் அடித்தேன். டீ அவர் சட்டையெல்லாம் தெறித்தது. தம்ளர் உடைந்த சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவின் கை எனக்கும் இருக்கிறது, அதை நான் எழுதத்தான் பயன்படுத்துகிறேன், பெரும்பாலும்.

நானும் அம்மாவும் இப்போது செவிலிமேட்டில் இருக்கிறோம். அம்மா என் புத்தகங்களைப் படிப்பதில்லை. இரண்டு பக்கம் புரட்டினால் தூக்கம் வருகிறதாம். படத்துக்கும் வரவில்லை. அவளுக்கு எதுவும் தெரியவேண்டாம் என்றுதான் நானும் இருந்தேன். எதிர்வீட்டுக்காரன் காட்டிக்கொடுத்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஏதோ சொன்னாள். அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து ஒரு சுழற்று சுழற்றி பைக் சீட்டின்மேல் விரித்துவிட்டு அவளைக் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏந்திரு. இன்னும் முடியல" என்றான். நின்றிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். துண்டு விரிந்தபோதே அவள் இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விட்டன. கீரை தரையெல்லாம் சிதறியது. கையை இறக்கிவிட்டு, "இவனுக்கு எப்டி தெரியும் அது?" என்று கேட்டாள்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாவலில் அவனைக் கொன்றதையும், படத்தில் தப்பிக்கவிட்டதையும், இப்போது மறுபடியும் கூட்டிக்கொண்டு வருவதையும்.

"செத்தவனையா திரும்பக் கொண்டாரானுங்க?"

"ஆமாம்மா. விசில் அடிக்கிறாங்களாம் அவனுக்கு."

அம்மா தரையில் கிடந்த கீரையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "வரட்டும்" என்றாள். "ஆனா இந்த வாட்டி அவன் அடி வாங்கணும். பொம்பள கையால வாங்கணும். திருப்பி அடிக்கக் கூடாது. உன் டைரக்டராண்ட அத்த மட்டும் சொல்லு."

அவள் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. இதை மட்டும் கேட்டாள். இதை வாங்கித் தராவிட்டால் நான் எழுதி என்ன கிழித்தேன் என்று இருந்தது.

இயக்குநர் முடியாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். "அவன் மாஸ் கேரக்டர் மேடம். பத்துப் பேர் அடிச்சு விழுந்தா ஏந்திரிப்பான், ஒத்துப்பாங்க. ஒரு பொம்பளைகிட்ட அடி வாங்கிட்டு சும்மா நின்னான்னா ஸ்கிரீனக் கிழிச்சிடுவானுங்க." அப்படியானால் படத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிடலாம் என்றார். அதற்கு மேல் மிரட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அம்மாவிடம் சொன்னபோது, "சரி வுடு. ஒருநாள் கூட்டிக்கினு போ. அவன் மூஞ்சிய ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன்" என்றாள்.

கடைசிப் போரைத் தென்னேரி ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு திடலில் எடுத்தார்கள். எங்கள் பக்கத்துப் படுகளத்தைப் பார்த்து இயக்குநருக்கு அந்த எண்ணம் வந்ததாம். அம்மன் திருவிழாவின் முடிவில் எங்கள் ஊர்ப்பக்கம் மண்ணால் பெரிய ராஜா உருவம் செய்து தரையில் மல்லாத்திப் படுக்கவைப்பார்கள். காலையில் கூத்தாடிகள் அதைச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். கடைசியில் கதாயுதத்தால் தொடையைப் பிளக்க, உள்ளே ஒளித்து வைத்த செந்நீர் பீறிடும். உடனே ஜனம் விழுந்தடித்துக்கொண்டு அந்த மண்ணை அள்ளும். வீட்டில் வைத்தால் நல்லது. அதோடு முடியாது. அம்மன் பக்கத்துப் பெண்கள் துடைப்பமும் முறமும் எடுத்துக்கொண்டு அடிக்க வருவார்கள். ஆண்கள் வரிசையாகக் குனிந்து முதுகைக் காட்டுவார்கள். பெரிய மனுஷன், போலீஸ்காரர் யாராக இருந்தாலும் குனிவார். அடி வாங்குகிறவன் கோபப்படக் கூடாது, தடுக்கக் கூடாது. பீடை விடும் என்பது நம்பிக்கை.

இயக்குநருக்கு மண் ராஜா மட்டும் போதும். துடைப்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூட்டத்துக்குச் சுற்றுவட்டார ஊர்க்காரர்களை அழைத்திருந்தார். மண் ராஜாவைச் செய்ததும் அவர்கள்தான். அவர்கள் என்னடாவென்றால் துடைப்பத்தோடு வந்துவிட்டார்கள். உதவி இயக்குநர் ஒருவர் கத்தியும் பெண்கள் கேட்காமல், "அத்த இல்லாம எப்டிபா இத்த ஒடைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு நின்றார்கள்.

கம்பிக்காரன் வேஷத்தில் நடிகர் எங்களிடம் வந்து வணக்கம் சொன்னார். மேலே சட்டை இல்லை. தோளில் துண்டு, கையில் கம்பி. இவர் வாலாஜாபாத் பக்கத்துக்காரர், கூத்துக் குடும்பம். எனக்குத் தெரிந்து சாதுவான மனிதர். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை என் மணிக்கட்டில் இறுகியது.

ஷாட் ஆரம்பித்தது. மணலடி நகரத்துப் பெண்கள் ஈட்டியோடு ஓடினார்கள். ராஜாவின் ஆட்கள் சரிந்து விழுந்தார்கள். ரத்தப் பை வெடித்து எல்லோர் உடம்பிலும் சிவப்பு. கம்பிக்காரன் நடுவே புகுந்து மண்டைகளாகப் பிளந்துகொண்டு வந்தான். மண் ராஜாவின் தொடைக்கு எதிரே வந்ததும் துண்டை எடுத்து ஒரு சுழற்று சுழற்றித் தரையில் விரித்தான். அம்மா தலையைக் கையால் மூடிக்கொண்டாள். கம்பி ஓங்கி இறங்கியது. தொடை பிளந்து செந்நீர் பீறிட்டது.

அவ்வளவுதான். ஊர்ஜனம் சினிமாவை மறந்துவிட்டது. "அம்மா, தாயே" என்று ஒரு சத்தம். ஈட்டி பிடித்திருந்தவர்கள் ஈட்டியைப் போட்டுவிட்டு மண்ணை அள்ள விழுந்தார்கள். செத்துக் கிடந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். தலைப்புக்குள் இருந்த துடைப்பங்கள் வெளியே வந்தன. ஆண்கள் வரிசையாகக் குனிந்தார்கள். கூத்துக் குடும்பத்து ரத்தம் அல்லவா, நடிகரும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, தான் விரித்த துண்டின்மேலேயே மண்டிபோட்டு முதுகை வளைத்துக் குனிந்தார். இயக்குநர் கட் சொல்லவில்லை. வாயைத் திறந்தபடி நின்றிருந்தார்.

என் மணிக்கட்டிலிருந்து பிடி விட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் கையிலிருந்து அம்மா துடைப்பத்தை வாங்கினாள். தென்னங்குச்சித் துடைப்பம், அடிக்கட்டு கெட்டியானது. நான் தடுத்திருக்கலாம். தடுக்கத் தோன்றவில்லை.

படுகளத்தில் ஆளுக்கு ஒன்றிரண்டு தட்டுத்தான். அம்மா அப்படி அடிக்கவில்லை. துடைப்பத்தைத் தலைகீழாகத் திருப்பி, அடிக்கட்டால், தோளிலிருந்து கையை இறக்கி அடித்தாள். முதல் அடியிலேயே அவர் முதுகில் பட்டையாகச் சிவந்தது. "இது கையி" என்றாள். அடுத்தது. "இது தோளு." அடுத்தது. "இது பல்லு." ஒருமுறை உடைந்த முழங்கை சரியாகக் கூடாத கைதான் அது. அது அவ்வளவு வேகமாகச் சுழலும் என்று எனக்குத் தெரியாது. குச்சிகள் முறிந்து பறந்தன. அவர் முதுகுத்தோல் கிழிந்து, ரத்தப் பைக்குச் சம்பந்தமில்லாத ரத்தம் வந்தது. அவர் கைகளை முன்னால் ஊன்றிச் சரிந்தார். அம்மா மூச்சு வாங்கினாள்.

"ஏந்திரு" என்றாள். "இன்னும் முடியல."

கூட்டத்தில் யாரோ பழக்கதோஷத்தில் விசில் அடித்தான். சிலர் சிரித்தார்கள். நடிகர் எழுந்து, மறுபடியும் மண்டிபோட்டு, முதுகைக் காட்டினார். அம்மா மறுபடியும் அடித்தாள். சிரிப்பு நின்றது. விசில் நின்றது. கையில் கட்டு மட்டும் மிஞ்சும்வரை அடித்தாள். சுற்றி இருந்த பெண்களில் ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் உண்மை, எதையும் மறைக்க வேண்டியதில்லை.

பிறகு நடிகரை நாற்காலியில் திருப்பி உட்காரவைத்து மருந்து தடவினார்கள். அம்மா போய்ப் பக்கத்தில் நின்றாள். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்குதாப்பா?"

"வலிக்குதும்மா."

"அவனுக்கு ஒருவாட்டியும் வலிச்சதில்ல" என்றாள் அம்மா. அவர் யாருக்கு என்று கேட்கவில்லை. "இப்ப வலிச்சிருக்கும்மா" என்றார். அம்மா தன் தலைப்பால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டாள்.

சில நாள் கழித்து இயக்குநர் ஃபோன் செய்தார். எடிட்டிங்கில் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். அதை வெட்ட முடியவில்லை என்றார். ஆனால் அம்மா முகத்தை வைக்க முடியாது, அடிக்கிறது கதாநாயகி என்று வைத்தாக வேண்டும், கதாநாயகியின் முகத்தைத் தனியாக எடுத்துச் சேர்த்துவிடுகிறேன், முதுகும் கையும் மட்டும் அப்படியே இருக்கும் என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஃபோனை வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னால், "என் மூஞ்சி எதுக்குடி? அவன் முதுகு இருக்குதில்ல" என்றாள்.

படம் வந்ததும் தானாகவே கேட்டாள், போகலாம் என்று. எதிர்வீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டாள். அவள் புருஷனும் தொற்றிக்கொண்டு வந்தான், கம்பிக்காரன் படமென்றால் விடுவானா. எங்கள் ஊர்த் தியேட்டரில் அம்மா, அடுத்து அந்தப் பெண், அடுத்து அவன். துண்டு முதல் தடவை பறந்தபோது அவன் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசில் என் காதைக் கிழித்தது. அம்மாவின் கை தலைக்குப் போகுமோ என்று பார்த்தேன். மடியிலேயே இருந்தது.

கடைசிப் போர் வந்தது. தொடை பிளந்தது. கம்பிக்காரன் குனிந்தான். திரை முழுக்க அவன் முதுகு. துடைப்பம் பிடித்த ஒரு கை உள்ளே வந்தது. வளையல் இல்லாத, முழங்கை சற்றே கோணிய கை. இறங்கியது. மறுபடி இறங்கியது. கதாநாயகியின் முகம் வந்து, யாரோ குரல் கொடுத்த "ஏந்திரு" வந்து, மறுபடியும் முதுகு. தியேட்டர் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. எதிர்வீட்டுக்காரனின் விரல்கள் வாய்வரை போய் அங்கேயே நின்றிருந்தன.

அந்தப் பெண் அம்மா பக்கம் சாய்ந்து, "மேக்கப்பு எப்டி நெசமாட்டம் போட்டுருக்கானுங்க பாரு பெரிம்மா" என்றாள்.

தறிக்குழியில் வழுக்கி விழுந்துவிட்டதாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த என் அம்மா, நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி, "மேக்கப்பு இல்லடி. நான் அடிச்சது" என்றாள்.

எதிர்வீட்டுக்காரன் விரலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அம்மா அவன் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னாள்.